அம்மாவின் நாடிக் கணக்கு யார் கையில் இருக்க வேண்டும்?

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் போன் விற்கிற, திருத்துகிற சின்னக் கடை என்னுடையது. போன வருடம் அடைமழை நாளொன்றில், மணிக்கட்டில் கட்டி நாடியும் தூக்கமும் பார்க்கும் ஃபிட்னஸ் பேண்ட் ஒன்று புதிதாக வந்திருந்தது, அதைச் சோதித்துப் பார்க்கக் கடை போனில் அதன் செயலியைத் திறந்தேன். வழக்கமாகப் போடும் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் போட்டதும், யாரோ ஒருவரின் நான்கு மாதத் தூக்கம் திரையில் வந்து இறங்கியது. இரவு 11.40க்குப் படுத்திருக்கிறார். 1.15க்கு விழிப்பு. 2.50க்கு மறுபடியும் விழிப்பு. நாலரைக்கு எழுந்து நடமாட்டம். அடுத்த இரவும் அப்படித்தான். அதற்கடுத்த இரவும்.

யாரென்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. நான்கு மாதத்துக்கு முன் ஒரு தோட்டத்து அக்கா என்னிடம் பேண்ட் வாங்கியிருந்தார். அவருக்கு மின்னஞ்சல் கிடையாது. “நீங்களே போட்டு விடுங்க தம்பி” என்றார். நானும் கடை மின்னஞ்சலையே போட்டு, பிறந்த வருடம், உயரம், எடை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்துக் கொடுத்தேன். வாரம் தவறாமல் ரீலோட் போட வருகிறவர் அவர். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்துப் பேசிவிட்டுப் போகிறவருக்கு இரவில் தூக்கமே இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

அடுத்த முறை வந்தபோது சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். அவர் பெயரிலேயே புதுக் கணக்குத் திறந்து கொடுத்துவிட்டு, பழையதை அழித்தேன். அவர் கொஞ்ச நேரம் கையிலிருந்த பேண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அப்ப நீங்களும் பாத்துட்டீங்களா?” என்று கேட்டார். அந்த ‘நீங்களும்’ இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

இது நடந்து ஒரு மாதத்துக்குள் கட்டாரிலிருந்து அண்ணன் பேசினார். “அம்மாவுக்கு நல்ல வாட்ச் ஒன்னு வாங்கிக் கட்டிவிடு. காசு நான் போட்டு விடுறேன். இங்க இருந்தே நான் பார்த்துக்குவேன்ல.” அம்மாவுக்கு வயது 67. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வெடுத்தவர். தங்கச்சி குடும்பத்தோடு அதே லயத்தில்தான் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிறார். பிரஷர் இருக்கிறது, சீனி இருக்கிறது. அந்த வருடம் இரண்டு தடவை படிக்கட்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அண்ணன் பயந்ததில் தப்பில்லை.

விற்கிறவன் நான் என்பதால் எது நல்லது என்று எனக்குத் தெரியும் என அண்ணன் நினைத்தார். எந்த பேண்டின் பேட்டரி எத்தனை நாள் நிற்கும், எந்த வாட்ச் மழையில் நனையலாம் என்பதெல்லாம் தெரியும்தான். ஆனால் அந்த அக்காவுக்குப் பிறகு வேறொரு கேள்வி முன்னுக்கு வந்துவிட்டது. இந்தக் கணக்கு எங்கே போய் நிற்கிறது? அதை யாரெல்லாம் புரட்டிப் பார்ப்பார்கள்?

கணக்கைப் பற்றி எங்கள் ஆட்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அம்மா அந்தியில் வேலை விட்டு வந்து அடுப்பு மூட்டிக்கொண்டே மூன்று நிறுவையையும் சொல்வார்: காலை இத்தனை, பகல் இத்தனை, அந்தி இத்தனை கிலோ. நான் ஒற்றை ரூல் கொப்பியில் எழுதுவேன். சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் தராசில் கழித்துவிட்டு, மிச்சத்தைக் கணக்குப்பிள்ளை தன் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். சம்பளத் துண்டு வந்ததும் அம்மா அதை என் கொப்பியோடு வைத்துப் பார்க்கச் சொல்வார். ஒரு மாதம் 14 கிலோ குறைந்திருந்தது. கொப்பியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அடுத்த சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள். கொப்பி இல்லாத பக்கத்துக் காம்பரா (லயத்து அறை) பெரியம்மாவுக்கு எவ்வளவு குறைந்தது என்று யாருக்கும் தெரியாது.

அதற்கும் முன்னால் ‘துண்டு’ என்றே ஒரு முறை இருந்தது. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவர் பேரில் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று தோட்டத்தை நடத்தும் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். சீட்டில் உள்ள தொகை சரியா பிழையா என்று கேட்க, வாசிக்கத் தெரியாதவருக்கு வழியில்லை. 1921இல் அதைச் சட்டம் போட்டுத்தான் ஒழிக்க வேண்டியிருந்தது. நம்மைப் பற்றிய கணக்கு முழுக்க அடுத்தவன் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை மலையகத்தார் பாட்டன் காலத்திலேயே பட்டறிந்துவிட்டார்கள்.

ஆகவே, அம்மாவுக்காக என் முன்னால் இருந்த வழிகளை, எது கூடுதலாக அளக்கிறது என்று பார்க்காமல், எதில் கணக்கு அம்மா கையில் இருக்கிறது என்று வைத்துப் பார்த்தேன்.

கைப்பட்டி உண்மையில் எதை அளக்கிறது

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிடுவதில் பயனில்லை. பேண்டின் அடியில் பச்சை விளக்கு எரியும். ரத்தத்தின் சிவப்பு, பச்சை வெளிச்சத்தை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் ஏறி இறங்க, தோலில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சமும் கூடிக் குறையும். அதை எண்ணி நாடி சொல்கிறது. கை அசைவை எண்ணி அடி கணக்குச் சொல்கிறது. தூக்கம், மன அழுத்தம், ‘உடல் சக்தி’ என்று திரையில் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டையும் வைத்துப் போட்ட ஊகம்.

எங்கள் ஊர் விடியற்காலைக் குளிரில் விரலும் மணிக்கட்டும் விறைத்துக் கிடக்கும். தோலுக்கு ரத்த ஓட்டம் குறையும்போது அந்தப் பச்சை விளக்கும் தடுமாறும். தோல் நிறமும் ஒரு விஷயம். ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவியைப் பற்றி 2020இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், ரத்தத்தை எடுத்து நேரடியாகச் சோதித்தால் உண்மையில் 88க்கும் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 வீதம், கறுப்பினத்தவரில் 11.7 வீதம். ஆஸ்பத்திரிக் கருவியே அப்படியென்றால், வெயிலில் கறுத்த கையில் தளர்வாகக் கட்டிய பேண்ட் காட்டும் ஒட்சிசன் எண்ணை நான் யாருக்கும் நம்பச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, ஊசி குத்தாமல் சீனி சொல்லும் என்று விற்கிற வாட்ச். பஸ் நிலையத்தைச் சுற்றிக் கேட்டுப் பாருங்கள், கிடைக்கும். தோலைக் குத்தாமல் தானாகச் சீனி அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. சீனிக்காரர் ஒருவர் இந்த வாட்ச் சொல்லும் எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பெட்டி என் கடைக்குள் வராது.

மலிவு பேண்டும் கம்பனிச் செயலியும்

அண்ணன் முதலில் கேட்டது இதைத்தான். விலை குறைவு, ஒரு முறை சார்ஜ் போட்டால் பத்து நாளைக்கு மேல் நிற்கும். தங்கச்சி போனில் செயலியைப் போட்டு, அதே கணக்கில் அண்ணனும் கட்டாரிலிருந்து நுழைந்தால் எல்லாம் தெரியும்.

ஆனால் இந்த வழியில் அம்மாவின் நாடி மணிக்கட்டிலிருந்து புளூடூத்தில் தங்கச்சி போனுக்கு வரும், அங்கிருந்து இணையம் வழியாகக் கம்பனியின் சேவைக் கணினிக்குப் போகும், அங்கிருந்து அண்ணனுக்கு. நடுவில் உள்ள வீடு நம்முடையதல்ல. அது எந்த நாட்டில் இருக்கிறது, யாரோடு பங்கு போடுகிறது என்பதெல்லாம் நீண்ட ஆங்கிலப் பத்திரம் ஒன்றில் எழுதியிருக்கும். அதன் கீழே உள்ள ‘சம்மதம்’ பொத்தானைத் தட்டுவது யார்? இத்தனை வருடமாக நான்தான் தட்டியிருக்கிறேன், கவுன்டரில் நின்றபடி, அடுத்த வாடிக்கையாளரையும் பார்த்துக்கொண்டு. உடம்பு அவர்களுடையது, சம்மதம் என்னுடையது. இது சரியில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

நடுவீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு நடந்ததைச் சொல்கிறேன். 2021இல் கெட்ஹெல்த் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தரவுத்தளம் ஒன்று கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. பல கருவிகளின் தரவை ஓரிடத்தில் சேர்த்துக் கொடுப்பது அவர்கள் தொழில். பெயர், பிறந்த தேதி, எடை, உயரம் உட்பட 6 கோடியே 10 லட்சம் பதிவுகள் அதில் இருந்தன. பெரும்பகுதி ஃபிட்பிட், அப்பிள் கருவிகளிலிருந்து வந்தவை. அந்தப் பயனர்களில் எத்தனை பேர் கெட்ஹெல்த் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

“பெயரை நீக்கிவிட்டுத்தான் பயன்படுத்துவோம்” என்பார்கள். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா செயலி, உலகம் முழுக்கத் தன் பயனர்கள் ஓடிய பாதைகளை ஒளிக்கோடுகளாக ஒரே வரைபடத்தில் வெளியிட்டது. யாருடைய பெயரும் இல்லை. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் உற்றுப் பார்த்தார். சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் வெறும் இருட்டுக்கு நடுவே அமெரிக்க இராணுவ முகாம்களின் சுற்றுப்பாதை பளிச்சென்று தெரிந்தது. ஆட்கள் குறைந்த இடத்தில் பெயர் தேவையில்லை, கோடே காட்டிக் கொடுக்கும். எங்கள் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் நம்பர் மலைக்கு ஏறும் பாதையில் பேண்ட் கட்டி நடப்பது ஒரேயொரு ஆள் என்றால், பெயர் நீக்கி என்ன ஆகப்போகிறது?

கம்பனியே கைமாறுவதும் உண்டு. ஃபிட்பிட்டைக் கூகுள் வாங்கும் பேச்சு 2019இல் தொடங்கி 2021 ஜனவரியில் முடிந்தது, 210 கோடி டொலருக்கு. நாடித்துடிப்பை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவார்களே என்று ஐரோப்பிய ஆணைக்குழு கவலைப்பட்டு, பத்து வருடத்துக்கு அப்படிச் செய்யக்கூடாது என்று நிபந்தனை போட்டது. நல்ல நிபந்தனைதான். ஆனால் அது ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் உள்ளவர்களுக்கு. நோர்வூட் அம்மாவுக்கு அல்ல.

நமக்கும் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். உடல்நலத் தரவை அது விசேட வகையில் வைத்திருக்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், உன்னிடம் என்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்கலாம், பிழையைத் திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். தண்டப்பணம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம். கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டிய அம்மாவின் செயலுக்கே சட்ட வடிவம் கொடுத்த மாதிரி எனக்குத் தோன்றும். ஆனால் அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து தள்ளிப்போயின. எனவே அம்மா கையில் கட்டுவதற்கு முன் நானே யோசிக்க வேண்டியிருந்தது. சட்டம் பிறகு வந்து காப்பாற்றும் என்று விட முடியாது.

விலை கூடிய வாட்ச்

அண்ணன் மனதில் இருந்தது அப்பிள் வாட்ச். தனியுரிமையை வைத்துப் பார்த்தால் அதற்கு நல்ல மார்க் கொடுக்கத்தான் வேண்டும். இரண்டடுக்குப் பாதுகாப்பும் போன் பூட்டும் போட்டிருந்தால், அதன் இணையக் களஞ்சியமான ஐகிளவுட்டுக்குப் போகும் உடல்நலத் தரவை அப்பிளாலேயே திறந்து பார்க்க முடியாது. விழுந்தால் கண்டுபிடித்து உதவிக்கு அழைக்கும். வயது 55 அல்லது அதற்கு மேல் என்று பதிந்திருந்தால் அது தானாகவே இயங்கும். கொழும்பில் தனியாக இருக்கும் பெரியவர் ஒருவருக்கு, வீட்டில் ஐபோனும் இருந்து, காசும் இருந்தால், இதைத்தான் சொல்வேன்.

எங்கள் லயத்தில் சிக்னல் இஸ்தோப்பின் (முன் திண்ணையின்) ஒரு மூலையில்தான் நிற்கும். பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த மூலையில் நின்றுதான் பேசுவார்கள். அம்மா விழுந்தால் குழாயடிப் படியில் விழுவார், அந்த மூலையில் அல்ல. விழுந்த அடுத்த நிமிடம் வாட்சுக்கு முன்னால் பக்கத்துக் காம்பரா ஆள் ஓடி வருவார். ஐபோன் எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை. தினமும் சார்ஜ் போட வேண்டும். அம்மா ஒரு நாள் மறந்தால் மறுநாள் வெறும் கண்ணாடி.

பிரஷர் காட்டும் வாட்சும் இருக்கிறதே என்று அண்ணன் கேட்டார். சம்சுங்கில் அந்த வசதி உண்டு. ஆனால் 28 நாளுக்கு ஒருமுறை மேல்கையில் கட்டும் பிரஷர் மெஷினால் அளந்து அதைச் சரிப்படுத்த வேண்டும். எப்படியும் மெஷின் வாங்கத்தானே வேண்டும்? இதைச் சொன்னபோது அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை.

பெரிய கம்பனி என்றால் எதுவும் ஆகாது என்றும் எண்ண வேண்டாம். 2020 ஜூலையில் கார்மின் நிறுவனத்தின் கணினிகளைக் குற்றக்கும்பல் ஒன்று பூட்டிப் போட்டது. பல நாள் வாட்சுகளால் கணக்கை ஒப்படைக்கவே முடியவில்லை.

இனாமாக வரும் பேண்ட்

காப்புறுதி எடுத்தால் இனாம், வேலையிடத்தில் இனாம் என்று வருவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேண்டாம்.

அமெரிக்காவின் ஜோன் ஹன்கொக் நிறுவனம் 2018இல் தன் ஆயுள் காப்புறுதித் திட்டங்கள் அனைத்திலும் உடற்பயிற்சிக் கணக்கைச் சேர்த்தது. நடந்தால் சலுகை. கேட்க நன்றாக இருக்கிறது. நடக்க முடியாமல் போகும் மாதத்தில்தானே மனிதருக்குக் காப்புறுதி தேவை? சொந்தக்காரப் பையன் ஒருவன் கொழும்பில் வேலை செய்யும் இடத்தில் ‘நடைப் போட்டி’ வைத்தார்கள். எல்லோர் பெயரும் அடி கணக்கும் பலகையில். இவனுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் எண்ணிக்கை விழுந்தது. மேலதிகாரி ஏன் என்று கேட்டாராம், எல்லோர் முன்னாலும். அவன் அதற்குப் பிறகு பேண்டைக் காற்றாடியில் கட்டிச் சுற்றவிட்டான். காட்டிலும் மலையிலும் நடந்தே தேய்ந்த எங்கள் ஆட்களிடம் இன்னொரு ‘நோம்’ (ஒரு நாளைக்கு இவ்வளவு பறிக்க வேண்டும் என்ற அளவு) வைத்து அடி எண்ண வருகிறவர் யாராக இருந்தாலும், எழுத்தில் கேள்வி கேளுங்கள்: யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், நான் வேண்டாம் என்றால் என்ன ஆகும்.

அதே பேண்ட், கம்பனி இல்லாமல்

கடையில் இதை நான் இப்போது அதிகம் செய்து கொடுக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. கெட்ஜெட்பிரிட்ஜ் என்று ஓர் இலவசச் செயலி இருக்கிறது. தன்னார்வலர்கள் திறந்த மூலமாக, அதாவது உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கும்படி, செய்தது. எஃப்-டிரொய்ட் என்ற களஞ்சியத்திலிருந்து அன்ட்ரொய்ட் போனில் இறக்கிக்கொள்ளலாம், ஐபோனுக்கு இல்லை. கணக்குத் திறக்கத் தேவையில்லை, மின்னஞ்சல் கேட்காது. பேண்டிலிருந்து வருவதைப் போனிலேயே வைத்துக்கொள்ளும். கடவுச்சொல் தெரியாதவரின் தூக்கமும் நாடியும் என் மின்னஞ்சல் கணக்கில் வந்து சேரும் நிலையே வராது. அந்த அக்காவுக்கு நான் செய்த பிழை இதில் நடக்கவே வழியில்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

சிக்கல் இல்லாமல் இல்லை. எல்லா பேண்டும் இதில் வேலை செய்யாது, வாங்கும் முன் பட்டியலில் மாடல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஷவோமி, அமேஸ்ஃபிட் பேண்டுகள் பலவற்றுக்கு ஒரு சாவி எண் வேண்டும். அதை எடுக்க ஒருமுறையாவது கம்பனிச் செயலியில் பதிந்தாக வேண்டும். நான் அதற்கு இன்னும் யாரும் கையில் கட்டாத பேண்டையே வைத்துப் பதிந்து, சாவியை எடுத்து, பெட்டிக்குள் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, கம்பனிச் செயலியை நீக்கிவிடுவேன். அரை மணி நேர வேலை. தூக்க வரைபடம் கம்பனிச் செயலியில் போல அழகாக இருக்காது. போன் தொலைந்தால் எல்லாம் போச்சு, மாதம் ஒருமுறை நாமே பிரதி எடுத்து வைக்க வேண்டும். புளூடூத்திலும் ஒன்று இருக்கிறது. 2016இல் கனடாவில் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் எட்டுக் கருவிகளைச் சோதித்ததில், ஏழு எந்நேரமும் மாறாத அடையாள எண் ஒன்றைக் காற்றில் வீசிக்கொண்டே இருந்தன. அதை வைத்து ஆள் போகும் இடத்தைப் பின்தொடரலாம். கெட்ஜெட்பிரிட்ஜ் போட்டாலும் கருவியின் அந்தக் குணம் மாறாது.

போன் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். லயத்தில் பல வீடுகளில் ஒரு போன்தான், பிள்ளைகளின் பாடத்துக்கும் அதுதான், அப்பாவின் அழைப்புக்கும் அதுதான். அந்தப் போனில் வயசுப் பெண்ணொருத்தியின் மாதக் கணக்கும் நாடியும் இருந்தால், கம்பனிக்குப் போகாவிட்டாலும் அண்ணன் தம்பிக்குப் போகும். அமெரிக்காவில் ஃப்ளோ என்ற மாதவிடாய்ச் செயலி, பயனர்களின் விவரங்களைப் பேஸ்புக் போன்றவர்களுக்குக் கொடுத்ததாக வந்த குற்றச்சாட்டில் 2021இல் அந்நாட்டு வணிக ஆணைக்குழுவோடு இணக்கத்துக்கு வர நேர்ந்தது. அது தூரத்தில் இருப்பவன் பார்ப்பது. ஒரே காம்பராவில் இருப்பவன் பார்ப்பதும் ஒரு பெண்ணுக்குச் சின்ன விஷயமல்ல. அவர்களுக்குப் போனில் தனிப் பூட்டு, செயலிக்கும் பூட்டு என்று போட்டுக் கொடுக்கிறேன். சில தகப்பன்மாருக்கு அது பிடிப்பதில்லை. போட்டுத்தான் கொடுக்கிறேன்.

பிரஷர் மெஷினும் கிளினிக் கொப்பியும்

கடைசியாக, விற்றால் எனக்கு ரொம்ப லாபம் வராத வழி. மேல்கையில் கட்டும் பிரஷர் மெஷின், ஒரு கொப்பி, ஒரு பேனை. டிக்கோயா ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் டொக்டர் அம்மாவிடம் கேட்பது அடி கணக்கையோ தூக்க மதிப்பெண்ணையோ அல்ல. காலையில் பிரஷர் எவ்வளவு, அந்தியில் எவ்வளவு, மாத்திரை விட்டுப் போன நாள் எது, தலைசுற்றியது எப்போது. இதற்கெல்லாம் பதில் பேண்டில் இல்லை, கொப்பியில்தான் இருக்கும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். தங்கச்சி மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள், அவள்தான் எழுதுகிறாள்.

இதை யாரும் தூரத்திலிருந்து திருட முடியாது. திருடனும் லயத்துக்கு ஏறி வந்தாக வேண்டும். குறையும் உண்டு: நடுராத்திரி நாடி ஏறினால் கொப்பிக்குத் தெரியாது, மழையில் நனைந்தால் மை ஓடும்.

அம்மா கேட்டது

இதையெல்லாம் நானும் அண்ணனும் ஒரு வாரம் வட்ஸ்அப்பில் பேசினோம். அம்மாவிடம் கேட்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை போய் இஸ்தோப்பில் உட்கார்ந்து, ஒரு பேண்டை என் கையிலேயே கட்டிக் காட்டி, இது இதைச் செய்யும், அண்ணன் அங்கே இருந்து பார்ப்பார் என்று சொன்னேன். இருட்டிக்கொண்டு வந்தது. பச்சை வெளிச்சம் சுவரில் மின்மினிப் பூச்சி மாதிரி விழுந்தது. அம்மா அதையே பார்த்தார்.

“நான் ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறேன்னும் அவனுக்குத் தெரியுமாய்யா?”

“தெரியும்மா.”

“அப்ப அவன் அங்க வேலைக்குப் போவானா, நான் எந்திரிக்கிறத எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பானா?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மா சொன்னது அக்கறைக்கு எதிரான பேச்சல்ல. இரவில் ஒரு தாய் எழுந்து உட்காருவதற்கு வயிறு காரணமாக இருக்கலாம், கவலை காரணமாக இருக்கலாம், செத்துப்போன அப்பாவின் நினைவு காரணமாக இருக்கலாம். அதைப் பிள்ளையிடம் சொல்லுவதா வேண்டாமா என்று இதுவரை அவர்தான் முடிவு செய்துவந்தார். நாங்கள் இருவரும் நல்லது செய்வதாக நினைத்து அந்த முடிவை அவர் கையிலிருந்து எடுக்கப் பார்த்தோம். கம்பனி பார்ப்பதை மட்டுமே தனியுரிமைப் பிரச்சினை என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

அண்ணனுக்கு அன்றிரவே போன் எடுத்துச் சொன்னேன். கோபப்பட்டார். “தூரத்துல இருக்கிறவன் கஷ்டம் உனக்குத் தெரியாது” என்றார். அதுவும் உண்மைதான். பிறகு அம்மாவே வாங்கிப் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

முடிவு இப்படி ஆயிற்று. அண்ணன் அனுப்பிய காசில் மேல்கை பிரஷர் மெஷின் வாங்கினோம், கொஞ்சம் பெரிய பட்டி உள்ளதாக. சிறிய போன் ஒன்று அம்மா பெயரிலேயே, அம்மா மட்டும் அறிந்த பூட்டு எண்ணோடு. கெட்ஜெட்பிரிட்ஜில் ஓடும் மலிவு பேண்ட் ஒன்றும் உண்டு, அம்மாவுக்கு அடி எண்ணுவது பிடித்துப் போனதால். கோயிலுக்குப் போய் வந்தால் எத்தனை அடி என்று எல்லோரிடமும் சொல்வார். படுக்கப் போகும்போது கழற்றி விளக்கடியில் வைத்துவிடுவார். கொப்பியில் காலை, அந்தி, குறிப்பு என்று மூன்று கட்டம். வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்ப அம்மா சம்மதித்தார்.

உங்கள் வீட்டில் நிலைமை வேறாக இருக்கலாம். இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தால், அவரிடமே கேட்டு, அதற்கேற்ற கருவியைத்தான் வாங்க வேண்டும், அங்கே கொப்பி போதாது. தனியாக இருப்பவருக்கு விழுந்தால் அழைக்கும் வாட்ச் அவசியமாகலாம். என்னிடம் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி கட்டப்போவது யார் என்பதுதான், அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பேன்.

போன ஞாயிறு படம் எடுக்கப் போனேன். அந்த வாரம் குறிப்புக் கட்டத்தில் செவ்வாயும் வியாழனும் தங்கச்சி மகள் ஏதோ எழுதியிருந்தாள். நான் போனை நீட்டியதும் அம்மா கொப்பியை மடியில் வைத்து, அந்த இரண்டு கட்டத்தின் மேலும் விரலை வைத்து மூடிக்கொண்டார். “டொக்டருக்குக் காட்டுறேன். அவனுக்கு வேணாம்” என்றார். கொழுந்துக் கறை இன்னும் முழுக்கப் போகாத அந்த விரல்களோடேயே படம் எடுத்து அனுப்பினேன்.